நான்காவது நாற்காலி

"இந்த சேரைக் கொஞ்சம் ஓரமாத் தள்ளும்மா, வர்றவங்க கால் வைக்கட்டும்" என்றாள் எதிர்வீட்டம்மா. இறந்தவரின் மகள் குனிந்து தள்ளினாள். தள்ளிய வேகத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. துக்கம் கேட்க வந்திருந்த நாலைந்து பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

கூடத்தின் நடுவில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, சமையலறை வாசலில் விழுந்தவர். சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர் கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர். வந்து பார்த்த டாக்டர், "விழுந்ததால நிக்கல, நின்னதால விழுந்திருக்கார்" என்று இதயத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாக்கியத்தை அவள் நேற்றிலிருந்து நூறு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் கடைசியில் விழுந்திருக்கார் என்றுதான் முடிந்தது.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் அன்னைக்கே சொன்னேன் என்று அவன் இன்னும் சொல்லவில்லை. எப்போது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். போன வருஷம் அப்பா மாடிப்படியில் சறுக்கியபோதே, "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா பேசாம என்கூட வந்துடணும்" என்று அவன் தீர்ப்பு எழுதிவிட்டான். குறுக்கே விழுந்து தடுத்தவள் அவள்தான். "அப்பாவுக்கு இங்கதான் புடிச்சிருக்கு. நான் பாத்துக்கறேன்" என்றாள். அப்பா அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். எழுபத்தெட்டு வயதில் கண் சிமிட்டுகிற அப்பா.

அந்த 'பாத்துக்கறேன்' என்ற வார்த்தைக்காகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டை ஒழுங்குபடுத்தினாள். அவளுக்குச் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. நடைபாதைக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு. கோட்டுக்குள் ஒரு வெற்று அட்டைப்பெட்டி கிடந்தாலும் அன்றைக்கு யாரோ ஒருவர் அவள் வாயில் விழுந்து எழ வேண்டும். பதினெட்டு வருஷத்தில் அவள் கிடங்கில் ஒருவர்கூடத் தடுக்கி விழுந்ததில்லை. அப்படிப்பட்டவளின் அப்பா வீட்டில், கட்டிலிலிருந்து சமையலறைக்குப் போகிற வழியில் நாலு நாற்காலிகள், இங்கொன்றும் அங்கொன்றுமாக, யாரோ பாதிப் பேச்சில் எழுந்து போனதுபோலக் கிடந்தன.

"யாராவது வந்தா உக்கார வேணாமா?" என்றார் அப்பா.

"யாருப்பா வர்றாங்க?"

"வந்தா?"

"வந்தா எடுத்துப் போட்டுக்கலாம். தடுக்கி விழுந்து வைக்காதீங்க."

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "சரிம்மா" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நாற்காலிகளை ஜன்னலோரம் வரிசையாகச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். அவை நின்ற இடத்தில் தரையில் கறுப்பு வட்டங்கள் பதிந்திருந்தன. முட்டி போட்டுச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்ததில் அவையும் போய்விட்டன. கூடம் பளபளவென்று, கிடங்கின் நடைபாதை மாதிரி நீளமாகக் கிடந்தது. அவளுக்கு அப்படி ஒரு திருப்தி.

இப்போது வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். "நல்லவேளை, வீடு சுத்தமா இருந்துச்சு. கிடத்த இடம் இருந்துச்சு."

வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று யாரோ போன் பேசிவிட்டு வந்து சொன்னார்கள். அப்போதுதான் அப்பாவோடு வேலை பார்த்த பழைய டிரைவர் படியேறி வந்தார். அப்பா கண்டக்டராக இருந்த முப்பத்திரண்டு வருஷத்தில் பாதி இவர் ஓட்டிய பஸ்ஸில்தான். மூச்சு வாங்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து, "கம்பமே சாஞ்சிடுச்சே" என்றார். கம்பம் என்பது டிப்போவில் அப்பாவுக்கு வைத்த பெயர்.

"எதுக்குத் தெரியுமாம்மா அந்தப் பேரு? உங்கப்பா கம்பியப் புடிச்சு நான் பாத்ததே இல்ல. நான் வேணும்னே சடன் பிரேக் போடுவேன். பஸ்ஸே முன்னாடி வந்து விழும். அவன் மட்டும் நட்டு வச்ச மாதிரி நின்னு டிக்கெட் கிழிச்சுக்கிட்டிருப்பான்."

"எப்படி மாமா?" என்றாள், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"இடுப்புதான்! சீட்டு முதுகுல இடுப்பை ஒரு அழுத்து அழுத்திக்குவான். அங்கேயிருந்து அடுத்த சீட்டு, அதுலேருந்து அடுத்தது. ரெண்டு கையும் சும்மா இருக்கும். பாக்கறவனுக்கு ஏதோ சாதாரணமா நடந்து போற மாதிரிதான் தெரியும்."

சொல்லிக்கொண்டே அவர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் இடுப்பைச் சாய்த்துக் காட்டினார். அவர் நகர்ந்தபோது அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் பழுப்பாக மின்னிய வார்னிஷ், முதுகுச் சட்டத்தின் ஓரத்தில் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. அடுத்த நாற்காலிக்குப் போனாள். அதில் எதிர்வீட்டம்மா உட்கார்ந்திருந்தாள். தோளைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிப் பார்த்தாள். அங்கும் வெளுத்திருந்தது. நாலிலும் அப்படித்தான் இருந்தது.

இரண்டு கையிலும் டீயும் தட்டுமாக அப்பா அந்தக் கூடத்தில் நடந்து வருவதை அவள் எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள். "பாத்தியா, ஒரு சொட்டு சிந்தல" என்பார். ஞாயிறு அன்று அவள் கிளம்பும்போது எப்போதும்போல் வாசல்வரை வரவில்லை. கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். "கால் வலியாப்பா?" என்று கேட்டாள். "இல்ல, சும்மா" என்றார். அதைச் சொல்லியிருக்கலாமே, பாவி மனுஷன். சொன்னால் 'பாத்துக்கறேன்' என்றவளும் அண்ணன் கட்சிக்குப் போய்விடுவாள் என்று பயந்தாரா? ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் அந்தப் பளபளப்பை எப்படிக் கடந்தார்? தவழ்ந்தா?

அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வாசலில் நின்ற தையல்காரரிடம் போனாள். "அண்ணே, நேத்து நீங்க மேல வந்தப்போ சேரெல்லாம் எங்க இருந்துச்சு?"

"சேரா?" அவர் விழித்தார். "அந்தப் பதட்டத்துல எதைம்மா பாத்தேன். அப்பாவைத் தூக்கத்தான் பாத்தேன்."

"சுவரோரமா இருந்துச்சா, நடுவுல இருந்துச்சா?"

"தெரியலியேம்மா."

எதிர்வீட்டம்மாவிடம் கேட்டாள். "நான் வர்றப்போ ஒண்ணுல டாக்டர் உக்காந்திருந்தார். மத்ததெல்லாம் ஆளாளுக்கு இழுத்துப் போட்டுக்கிட்டாங்க" என்றாள் அந்தம்மா. மகள் சமையலறை வாசலுக்குப் போய்த் தரையைப் பார்த்தாள். அவள் தேய்த்த தரை, ஒன்றும் சொல்லவில்லை.

"உனக்கு என்னதான் ஆச்சு?" அண்ணன் கட்டிலிலிருந்தே பல்லைக் கடித்தபடி கேட்டான். "அப்பா அங்க கிடக்கார். நீ சேரை விசாரிச்சுக்கிட்டுத் திரியுற."

"ஞாயித்துக்கிழமை நான்தான் எல்லாத்தையும் எடுத்து ஓரமாப் போட்டேன்."

"அதுக்கென்ன இப்போ?"

கீழே வண்டி ஹாரன் அடித்தது.

கொண்டுபோய்விட்டுத் திரும்பியபோது மாலை நாலரை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வீட்டில் அவளும் அண்ணனும் மட்டும். அண்ணன் மறுபடி அதே கட்டிலில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் நாற்காலிகளைத் துடைத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டிருந்தபோது தையல்காரர் கதவைத் தட்டினார். கையில் மடித்த ஒரு பேண்ட்.

"அப்பாவோடது. ஒட்டுப் போடக் குடுத்திருந்தார். முடிச்சு வச்சிருந்தேன். உங்ககிட்ட குடுக்காம வச்சிருக்க மனசு வரல."

அவள் பிரித்துப் பார்த்தாள். இடுப்பில் இரண்டு பக்கமும் ஒட்டு. போகும்போது ஒரு பக்கம், வரும்போது ஒரு பக்கம்.

"எனக்கு எப்பவும் ஆச்சரியம்தான்" என்றார் தையல்காரர். "எல்லாருக்கும் முட்டி தேயும், உக்கார்ற இடம் தேயும். இவருக்கு மட்டும் இங்க தேயும்." போகத் திரும்பியவர் படியில் நின்றார். "அம்மா, நீங்க காலைல கேட்டீங்கல்ல, சேரு. அப்போ எனக்கு ஓடல. கடையில போய் உக்காந்தப்போதான் ஞாபகம் வந்துச்சு. எங்க இருந்துச்சுன்னு நான் பாக்கல. ஆனா சத்தம் கேட்டேன்."

"என்ன சத்தம்?"

"சேர் இழுக்கற சத்தம். என் தலைக்கு மேலதானே உங்க கூடம். நேத்து காலைல ஒண்ணு இழுத்தார். கொஞ்சம் நிறுத்தினார். அப்புறம் ரெண்டாவது. அப்புறம் மூணாவது. ஒவ்வொண்ணும் சமையல்கட்டு பக்கமா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போச்சு. யாரோ விருந்தாளி வர்றாங்க போல, மனுஷன் ஏற்பாடு பண்றார்னு நினைச்சேன்." அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "நாலாவது பாதியிலயே நின்னுடுச்சு. அப்புறம்தான் அந்தச் சத்தம். ஓடி வந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். கட்டிலில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அவசரத் துணி ஒண்ணு கிடக்கு. வரேம்மா" என்று தையல்காரர் இறங்கிப் போனார். சிறிது நேரத்தில் கீழே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

அவள் பேண்டை மடித்து வைத்தாள். ஜன்னலோரத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக் கட்டிலுக்கு அருகில் போட்டாள். அதன் முதுகில் இடுப்பைச் சாய்த்து, எட்டுகிற தூரத்தைப் பார்த்து இரண்டாவதைப் போட்டாள். பிறகு மூன்றாவது. தரையில் அடையாளம் இல்லாததால் எல்லாம் உத்தேசம்தான். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்றோடு அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. சமையலறைக்குள் போய் டீ போட்டாள்.

இரண்டு கையிலும் டம்ளரோடு வாசலுக்கு வந்தவள் அங்கேயே நின்றாள். இடுப்பை முதலில் சாய்த்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. வாசலுக்கும் அந்த மூன்றாவது நாற்காலிக்கும் நடுவில் தரை பளபளவென்று கிடந்தது. நல்ல காலும் நல்ல கண்ணும் உள்ளவள், நாலே எட்டில் தாண்டிவிடக்கூடிய தூரம்தான்.

அண்ணன் எழுந்தான். ஜன்னலோரம் மிச்சமிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்து, தூக்காமல், தரையோடு இழுத்துக்கொண்டு வந்தான். கூடம் முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. கீழே தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"இதை எங்க போடணும்?" என்றான் அண்ணன்.

கை இரண்டும் நிறைந்திருந்ததால் அவள் முகவாயால் காட்டினாள். அவன் போட்டான்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட" என்றாள்.

அவன் இழுத்தான். நாற்காலி அவள் இடுப்பருகில் வந்து நின்றது. கீழே வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெஷின் மெதுவாக மறுபடி ஓடத் தொடங்கியது.