இரண்டு இடது கால்களும் ஒரு கோப்பும்

சேஷன் மூன்று வருடமாக ஒரே குறையைத்தான் சொல்லிவந்தார். கலியமூர்த்தி செய்து கொண்டுபோகும் குட்டி டாங்கியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார், சக்கரங்களை எண்ணுவார், துருவின் நிறத்தை மெச்சுவார், கடைசியில் நிமிர்ந்து, "எல்லாம் இருக்கு சார், உயிர்தான் இல்லை" என்பார். சேஷன் விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்றவர். லக்ஷ்மிபாய் நகர் சமூகக்கூடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் போர்க்கள மாதிரிகள் போட்டிக்கு அவர்தான் நடுவர். துவாரகாவில் கலியமூர்த்தி வீட்டு அலமாரியில் லாமினேஷன் போட்ட மூன்று பங்கேற்புச் சான்றிதழ்கள் நின்றன. பரிசு ஒன்றுகூட இல்லை.

உயிர் இல்லை என்ற சொல்லைக் கலியமூர்த்தி பதினோரு மாதம் மனதில் போட்டு உருட்டினார். நில அளவைத் துறையில் முப்பது வருடம் வரைபடம் வரைந்தவர்; அவருக்குப் பேச்சு குறைவு, யோசனை அதிகம். டாங்கிக்கு எந்தக் காலத்திலும் உயிர் இருந்ததில்லை, செத்தவனுக்கு ஒரு காலத்திலாவது இருந்தது என்ற முடிவுக்கு ஒருநாள் பல் துலக்கும்போது வந்து சேர்ந்தார். அன்றே இணையத்தில் எலும்புக்கூடு தருவித்தார். ஒரு பாக்கெட்டில் இரண்டு ஆளுக்கான எலும்புகள். நின்றால் ஒருவன் சுண்டுவிரல் உயரம்.

லிபியப் பாலைவனம், 1942. பழுதாகி நின்ற ராணுவ லாரி. அதன் சக்கரத்தில் சாய்ந்தபடி உட்கார்ந்தே செத்துப்போன சிப்பாய். பக்கத்தில் கழற்றி வைத்த பூட்ஸ், ஒரு தண்ணீர் டப்பா. 'தாகம்' என்று பெயர் வைத்தார். எலும்புகளை டீ டிகாஷனில் ஊறவைத்துப் பழுப்பாக்கினார். எதிரே கட்டடம் எழும்பும் இடத்திலிருந்து மணல் அள்ளிவந்து மைதா சலிக்கும் சல்லடையில் சலித்தார். ஒட்டும்போது ஒரு கால் இடுக்கியிலிருந்து துள்ளி எங்கோ போய்விட்டது. மேஜைக்கடியில் தவழ்ந்து பார்த்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து இன்னொரு காலை எடுத்து ஒட்டினார்.

மறுநாள் காலை மனைவி அம்சவேணி காப்பித் தம்ளரோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"யாருங்க இது?"

"சிப்பாய்."

"அது தெரியுது. பேரு, நம்பர், யூனிட்டு?"

அம்சவேணி ராணுவக் குடும்ப ஓய்வூதியப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவள். இறந்தவர்கள் உண்மையிலேயே இறந்தார்களா, இறந்தால் எங்கே, எப்படி, யார் பார்த்தது என்று கேட்டுக் கேட்டே பதவி உயர்வு பெற்றவள். காகிதம் இல்லாமல் அவள் கையில் ஒருவர்கூடச் செத்ததில்லை.

"செத்தது எதனால?"

"தாகத்துல."

"டப்பா மூடி இறுக்கி மூடியிருக்கே. உள்ள தண்ணி இருக்கா இல்லியா?"

"இல்லை."

"இல்லாத தண்ணிக்கு எதுக்கு மூடி? சரி, லாரி நிழல் அந்தப் பக்கம் விழுது. இவன் வெயில்ல உக்காந்திருக்கானே, புத்தி சரியில்லாத ஆளா?"

"உக்காரும்போது இந்தப் பக்கம் நிழல் இருந்துச்சு."

"அப்புறம்?"

"சூரியன் நகர்ந்துடுச்சு."

"இவன் ஏன் நகரலை?"

"செத்துட்டான்."

"காலைலயா, சாயங்காலமா?"

கலியமூர்த்தி எழுந்து போய்ப் பழைய திசைகாட்டியை எடுத்துவந்தார்.

அன்று மாலை அம்சவேணி ஒரு பழுப்பு அட்டைக் கோப்பைத் திறந்தாள். அதே சாப்பாட்டு மேஜையில், அவருடைய ஃபெவிகாலுக்கும் மணலுக்கும் நடுவே, பச்சை மையில் ஆட்சேபங்கள் எழுதினாள். ஆட்சேபம் ஒன்று, டப்பா மூடி. இரண்டு, நிழல். மூன்று, சிப்பாய் கழுத்தில் தொங்க வேண்டிய அடையாள வில்லை இல்லை. வில்லை இல்லாவிட்டால் இவன் பெண்டாட்டி எந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பாள்? கலியமூர்த்தி ஒவ்வொன்றாகத் தீர்த்தார். மூடியைப் பெயர்த்து மணலில் போட்டார். மாத்திரை அட்டையின் ஈயத்தாளில் வில்லை வெட்டி விலா எலும்பில் தொங்கவிட்டார். லாரியின் திசையைத் திருப்பி, சாவு காலை ஒன்பதரை மணி என்று நிர்ணயித்தார். அதைக் கோப்பில் குறித்துக்கொண்டு, போட்டிக்கு முதல் நாள் அம்சவேணி கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: 'இறந்தார் என ஏற்கப்படுகிறது.'

"வாழ்த்துகள்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ நிலையத்தில் 'தாகம்' வைத்த பெட்டி எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய் நின்றது. திரையைப் பார்த்த காவலர் உள்ளே என்ன என்று கேட்டார். கலியமூர்த்தி வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். அம்சவேணி முந்திக்கொண்டாள்.

"ஏக் ஆத்மி ஹை, பையா. மர் கயா. காகஸ் சப் ஹை."

ஒரு ஆள், செத்துவிட்டான், காகிதமெல்லாம் இருக்கிறது என்று சொல்லிக் கோப்பையும் நீட்டினாள். காவலர் கோப்பைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் மரியாதையாகத் தூக்கிக் கொடுத்தார்.

சமூகக்கூடத்தில் இருபது மேஜைகள். சேஷன் ஒவ்வொன்றாக வந்தார். அவருக்குப் பின்னால் சங்கச் செயலாளர் ஜ்யோத்ஸ்னா மதிப்பெண் தாளோடு வந்தாள். 'தாகம்' முன்னால் சேஷன் நின்றார். டப்பாவைப் பார்த்தார் சேஷன், நிழலைப் பார்த்தார், வில்லையைப் பார்த்தார், புருவம் உயர்ந்தது. பூதக்கண்ணாடி மெல்லக் கீழே இறங்கிப் பாதத்தில் நின்றது. அங்கேயே நின்றது.

"சார், ரெண்டு கால்லயும் கட்டைவிரல் ஒரே பக்கம் இருக்கே. ரெண்டும் இடது காலா?"

கலியமூர்த்திக்கு மேஜைக்கடியில் தவழ்ந்தது ஞாபகம் வந்தது. நான்காவது லாமினேஷன் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஆமா சார்" என்றாள் அம்சவேணி. "ரெண்டு இடது கால்னா ரெண்டு ஆளு."

சேஷன் நிமிர்ந்தார். "மேடம்?"

"கலந்து கிடைச்ச எலும்புல ஒரே பக்கத்துக் கால் ரெண்டு இருந்தா, செத்தது ரெண்டு பேர். எங்க ஆபீஸ்ல அப்படித்தான் பார்ப்போம். பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க."

"மிச்சமெல்லாம் எங்கே?"

"நரி. பாலைவனத்துல நரி உண்டுன்னு இவரே சொல்லியிருக்காரு. கேளுங்க."

சேஷன் கலியமூர்த்தியைப் பார்த்தார். அவர் பாலைவன நரியைப் பற்றி வாழ்நாளில் வாய் திறந்ததில்லை. தலையை மட்டும் அசைத்தார். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

"முதல் ஆளோட கேஸ் முடிஞ்சுது. ஆர்டர் காட்டுறேன் பாருங்க" என்று அம்சவேணி கோப்பைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

அந்தப் பக்கத்தின் பின்புறம், காய்ந்த ஃபெவிகால் பொட்டொன்றில், ஒரு வலது கால் ஒட்டியிருந்தது.

நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். பக்கத்து மேஜையில் யாரோ ஒரு பீரங்கிக்குச் சக்கரம் மாட்டும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. கலியமூர்த்தி தரையில் பள்ளம் ஏதாவது உண்டா என்று பார்த்தார்.

அம்சவேணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"வலது கால் கிடைச்சிடுச்சு" என்றாள். "விசாரணை முன்னேறியிருக்கு. எழுதிக்கம்மா."

ஜ்யோத்ஸ்னா நிஜமாகவே எழுதினாள்.

"இது யாரோட கால்? முதல் ஆளோடதா, ரெண்டாவது ஆளோடதா?" என்றார் சேஷன். அவர் குரலில் கேலி இருந்த மாதிரி தெரியவில்லை.

"அதைத்தானே சார் விசாரிக்கணும்."

கலியமூர்த்திக்குள் ஏதோ அசைந்தது. பதினோரு மாத யோசனை ஒரு இடத்தில் வந்து முட்டிய மாதிரி இருந்தது. நகத்தால் காலைப் பெயர்த்தார். "நேரம் இருக்கா?" என்று ஜ்யோத்ஸ்னாவைக் கேட்டார்.

"பாஞ்ச் மினிட் ஹை, அங்கிள். ஜல்தி." ஐந்தே நிமிடம், சீக்கிரம் என்றாள்.

காலை லாரியிலிருந்து தள்ளி, பலகையின் விளிம்பில், பாதி புதைந்தாற்போல் வைத்தார். பிறகு கையை நீட்டினார். என்ன வேண்டும் என்று அம்சவேணி கேட்கவில்லை. வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். ஊக்கின் தலையால் அவர் மணலில் குத்திக்கொண்டே போனார். சிப்பாயிலிருந்து அந்தக் கால்வரை குட்டிக் குட்டிப் பள்ளங்கள், நான்கு நான்காக. கால் கிடந்த இடத்தில் நரி அதைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறது. அதற்குமேல் தடம், பலகை முடிகிற இடம்வரை.

சேஷன் தடத்தின் மேலேயே குனிந்து போனார். விளிம்புக்கு வந்ததும், தன்னையறியாமல், மேஜைக்கு அந்தப் பக்கம் தரையில் எட்டிப் பார்த்தார்.

"எங்கே போச்சு?"

"ஏதோ சத்தம் கேட்டிருக்கு" என்றார் கலியமூர்த்தி. "பயந்துடுச்சு."

சேஷன் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கலியமூர்த்திக்கு மௌனம் பழக்கம். ஆனால் இன்னொருவருடைய மௌனத்துக்குள் நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு இதுவரை தெரியாது. அம்சவேணியை நினைத்துக்கொண்டார்.

"சார், இதுல நரிக்கு உயிர் இருக்கு" என்றார் சேஷன் கடைசியில். "நரியே இல்லை. ஆனா உயிர் இருக்கு."

இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குப் போனது. அதன் கால்களை யாரும் எண்ண வேண்டியிருக்கவில்லை. பரிசுக் கோப்பையைக் கொடுக்கும்போது சேஷன் குனிந்து, "மேடம், அடுத்த வருஷம் ரெண்டாவது ஆளைப் பத்தி ரிப்போர்ட் வந்துடுமா?" என்று கேட்டார்.

"சாட்சி கிடைக்கணும் சார்" என்றாள் அம்சவேணி.

திரும்பும்போது துவாரகாவில் இறங்கி வெளியே நடந்தார்கள். காலையில் பார்த்த காவலர் நுழைவாயிலில் இன்னும் நின்றிருந்தார். பெட்டியைக் கண்டதும் நேராக நிமிர்ந்தார். செத்தவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பது சரியா என்று தெரியாத முகம்.

அம்சவேணி நடையை நிறுத்தாமல் இரண்டு விரலைக் காட்டினாள்.

"அப் தோ ஹை, பையா" என்றாள். இப்போது இரண்டு பேர். "ஏக் கா கேஸ் சல் ரஹா ஹை." ஒருவருடைய கேஸ் இன்னும் நடக்கிறது.

பெட்டியையும் கோப்பையையும் சுமந்து பின்னால் வந்த கலியமூர்த்தி, காவலரைத் தாண்டும்போது தலையை அசைத்தார். இந்த முறை அது ஆமாம்தான்.