முப்பது நொடி ஜோக் அருவி

செல்லக்கனி எடுத்த அருவிப் படத்தைச் சுவரில் நேராக மாட்டினால் தண்ணீர் கொட்டும். மேசையில் படுக்கப் போட்டால் கொட்டாது. எவ்வளவு கொட்டும் என்பதிலும் குழப்பம் இல்லை. படம் எடுக்கும்போது கேமராவின் ஷட்டர் எத்தனை நொடி திறந்திருந்ததோ அத்தனை நொடி, அந்த அருவியின் வேகத்தில், சட்டத்தின் அகலத்துக்கு விழும். கொட்டி முடிந்தபின் படத்தில் வெறும் பாறைதான் இருக்கும். புதிதாக எத்தனை பிரதி போட்டாலும் பாறைதான். அங்கே அசல் அருவிக்கு ஒரு குறையும் வரவில்லை, விசாரித்தாயிற்று.

தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் முத்திரை குத்திவிட்டு 2017 கடைசியில் ஓய்வு பெற்ற செல்லக்கனி, பணிக்கொடையில் ஒரு கேமரா வாங்கிக்கொண்டு டூர் பஸ் ஏறினார். சக பயணிகள் கோயில் வரிசையில் நிற்கும்போது அவர் அருவி எங்கே என்று கேட்பார். குற்றாலத்தில் எடுத்த முதல் படம் கண்சிமிட்டும் நேரத்துக்குள் எடுத்தது. மாட்டிய அன்று சுவர் லேசாக வியர்த்தது, கொத்தனாரைத் திட்டினார்கள். பாபநாசத்தில் ஒருவர், லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டி, கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை நாலு நொடி திறந்து வைத்தால் அருவி பால் மாதிரி விழும் என்று காட்டிக்கொடுத்தார். அந்தப் படத்தை மாட்டியபோது வாசல் செருப்புகள் தெருக்கோடிவரை போய்விட்டன. கணக்கைக் கண்டுபிடித்தவர் அவருக்குப் படம் போட்டுத் தரும் ஸ்டூடியோ எஸ்றா. அன்று முதல் அவர் பிரதிகளை இட்லித் தட்டு ஏந்துவதுபோல் படுக்கையாகத்தான் கொண்டுவருவார்.

செல்லக்கனியின் கணவர் காசிலிங்கத்துக்கு மாப்பிள்ளையூரணி ஓரத்தில் உப்பளம். மேகம் கறுத்தால் ஊர் முகம் மலரும், உப்புக்காரர் முகம் கறுக்கும். அவர்கள் குடியிருக்கும் தெரு அளத்தை நோக்கிச் சரிந்தது. அங்கே எந்தத் தண்ணீர் சிந்தினாலும் கடைசியில் வரப்பில் குவித்திருக்கும் அவருடைய உப்பு அம்பாரத்தின் காலில்தான் போய் விழும். ஆகவே படங்கள் பீரோவில் படுத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஊர் ஊராக அலைந்து எடுத்த படத்தைச் சேலைக்கு அடியில் வைக்கவா என்பது மனைவியின் கட்சி. 2019 பங்குனியில் காசிலிங்கம் ஒரு சமரசம் கண்டார். பாத்திக்கு வரும் நீரை நிறுத்த மடைப் பலகையைத் திருப்பிப் போட்டே பழகிய கை, அதிரப்பள்ளிப் படத்தையும் தலைகீழாகத் திருப்பி மாட்டியது. அருவி மேல்நோக்கிப் போனது. கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு ஏறி, பத்து நொடி உயர்ந்து, அந்த வீட்டின்மேலும் அம்பாரத்தின்மேலும் மட்டும் மழையாக இறங்கியது. பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. உப்பில் கால்வாசி கரைந்தது.

"யாரைக் கேட்டு மாட்டுனீங்க?" என்றார் செல்லக்கனி.

"மடைன்னு நெனச்சேன்ளா," என்றார் காசிலிங்கம். ஓட்டுக்காரர் வந்து போனார்.

இப்படித்தான் தெருவுக்கு விஷயம் தெரிந்தது. அந்த வருடம் மே மாதம் ஒன்பது நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரியும் வரவில்லை. பத்தாம் நாள் காலை, எதிர்வீட்டு இசபெல்லா அறுபது வீட்டுக் குடங்களையும் காசிலிங்கத்தின் வாசலிலிருந்து வரிசையாக வைக்கச் செய்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, மதினிகிட்ட ஒரு படம் மாட்டச் சொல்லுங்க. பிள்ளைய வாய் கொப்புளிக்கக்கூட வழியில்ல."

"அங்கன பாரு, இந்த வருசத்துக்கு மிஞ்சுன உப்பு அம்புட்டும் வரப்புல கெடக்கு."

"உப்பக் கரைச்சா குடிக்கோம்?"

"சரி, ரெண்டு செகண்டு தாரேன்."

"அறுவது வீட்டுக்கு ரெண்டு செகண்டா! ஒங்க ஒரு வீட்டுக்கே பத்து செகண்டு பெஞ்சுச்சே அண்ணாச்சி. இருவது."

"அஞ்சு."

"பதினஞ்சு. நம்ம தெருன்னு குறைக்கேன்."

"பன்னெண்டு. அதுக்குமேல ஒரு சொட்டு கெடையாது."

இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையாக இருந்தால் துண்டுக்கடியில் விரல் பிடித்திருப்பார்கள். உள்ளேயிருந்து செல்லக்கனி எட்டிப் பார்த்தார்.

"பன்னெண்டுக்கு நான் எங்க போவேன்? மாட்டாத படம் ரெண்டுதான் மிச்சம். அகத்தியர் அருவி ரெண்டு செகண்டு. ஜோக் அருவி முப்பது. அத எடுக்க மூணு நாள் மழையில நின்னேன்."

காசிலிங்கம் அளத்தைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். பதினோராவதாக நின்ற பச்சைக் குடமும் அதற்கடுத்த ஈயக் குடமும் அவர் வீட்டினுடையவை; மனைவி விடியும்போதே கொண்டுபோய் வைத்திருந்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"முப்பதையே மாட்டு. நேரா மாட்டு."

வெளிச்சுவரில் அவரே ஆணி அடித்தார். ஜோக் அருவி முப்பது நொடி விழுந்தது. குடம், அண்டா, டிரம், மீன்காரர் ஞானையாவின் பெட்டி எல்லாம் நிறைந்தன. மிச்சம் தெருவில் இறங்கி அளத்துக்குப் போனது. அம்பாரம் முதலில் காலில் நனைந்தது, பிறகு உட்கார்ந்தது, கடைசியில் ஒரு ஆட்டோ அளவுக்கு நின்றது. காசிலிங்கம் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் நல்ல ருசி என்று சொல்லி இரண்டு தம்ளர் குடித்தார். செல்லக்கனி படத்தில் இருந்த பாறையைத் துடைத்து, நேராக்கி வைத்தார்.

அடுத்த டூர் பஸ்ஸில் மனைவியை ஏற்றிவிட அவர்தான் போனார். பன்னிரண்டு நொடியில் ஒன்று, வீட்டுக்கென்று ஐந்து நொடியில் ஒன்று என்று ஜன்னலில் சொல்லி அனுப்பினார். இப்போது அந்தப் பக்கத்து அளக்காரர்கள் உப்பை வருடத்தில் இரண்டு முறை ஓலை போட்டு மூடுகிறார்கள்: ஐப்பசி மழைக்கு ஒருமுறை, செல்லக்கனி ஊர் திரும்பும் நாளுக்கு ஒருமுறை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதை எஸ்றா ஸ்டூடியோ பலகையில் எழுதிப்போடுகிறார்.