பேனர் சிரிப்பு

நிர்மலாதேவி சிரித்து முதலியார்பேட்டையில் யாரும் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்ன ஒரே ஆள் ஒரு ரீசார்ஜ் கடைக்காரன். அதுவும் பதினெட்டு வருஷத்துக்கு முந்தின சமாச்சாரம். தெரு இன்னும் மறக்காத கதைதான், எங்கே ஓடிப்போகிறது, பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அவள் முகம் அப்படி. வேலை இருந்தால் வேலை பார்க்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். முகத்தைச் சும்மா வைத்திருக்கிற பொம்பளையை ஒரு தெரு எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்ளும்? பல் சொத்தை என்றார்கள், மூலம் என்றார்கள், மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றார்கள். பக்கத்து வீட்டுக் கமலா ஒருநாள் இவள் கொட்டாவி விடும்போது எட்டிப் பார்த்து, முப்பத்திரண்டும் ஒழுங்காகத்தான் இருக்கிறது, இது திமிர்தான் என்று முடிவு சொல்லிவிட்டாள். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

வேலை பார்க்கிற சூப்பர் மார்க்கெட்டிலும் இதே தொல்லை. பில் போடுகிற இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிரிக்கிற பொம்மையை ஒட்டி வைத்திருந்தார் சூப்பர்வைசர். வாடிக்கையாளர் பார்க்கிற பக்கம் இல்லை, அவள் பார்க்கிற பக்கம். பக்கத்தில் காய்கறி எடை போடுகிற பையன்கள் இரண்டு பேரும் எழவு வீட்டிலிருந்து நேரே வந்தவர்கள்போல நிற்பார்கள். அவர்களுக்குப் பொம்மை ஒட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு வேறு வாழ்க்கை. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனதில் நம் ஊர் ஆம்பளைகள் விடாமல் பிடித்துக்கொண்டது இரண்டு. ஒன்று என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று பெத்தாங். தூரத்தில் ஒரு சின்ன மரக்குண்டைப் போட்டுவிட்டு, கையளவு இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி வீச வேண்டும். எதிராளியின் குண்டு நெருங்கி நின்றால் அதை அடித்துத் தூக்க வேண்டும். அடிப்பதுதான் கஷ்டம். அதற்குக் கண்ணும் கையும் ஒன்றாகப் போக வேண்டும். நிர்மலாவுக்குப் போயின. மில்லில் வேலை பார்த்த அவள் அப்பா ஆடும்போது குண்டு பொறுக்கிப் போட்டவள், பொறுக்கினதைச் சும்மா போடாமல் குறி பார்த்துப் போட்டுப் பழகியிருந்தாள்.

கிளப்பின் செயலாளர் முருகையன். பிரான்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து அங்கத்துப் பென்ஷன் வாங்குகிறவர். ஊரே முசே என்றுதான் கூப்பிடும். முசே குண்டை வீசும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், மூன்று நாளாக வெளிக்குப் போகாதவர்போல இருக்கும். "என்னா கவனம் பாத்தியா" என்பார்கள் சுற்றி நிற்பவர்கள். அடுத்து நிர்மலா வட்டத்துக்குள் போய்க் காலைச் சேர்த்து நிற்பாள். அதே புருவம், அதே உதடு. "எதுக்கு இம்மாம் கடுகடுப்பு? வெளையாட்டுதான, கொஞ்சம் சிரிச்சிக்கினு ஆடினா இன்னா" என்பார்கள்.

இந்த வருஷம் கோழிக்கோட்டில் ஒரு போட்டி. உள்ளூர்ப் போட்டியில் ஜெயிக்கிற மூன்று பேர் கொண்ட அணி அங்கே போகலாம். நிர்மலாவுக்கு அந்த ரயிலில் ஏற வேண்டும், அவ்வளவுதான் ஆசை. புருஷன் வடிவேல் ஏசி ரிப்பேர் செய்கிறவன். தொல்லை இல்லாத மனுஷன் என்று பேர், கேட்டதற்கு இல்லை என்று சொல்லாமல் பதிலே சொல்லாமல் இருந்துவிடுவான். பதினைந்து நாள் கேட்டுக் கேட்டு, பதினாறாம் நாள் "சரி, போயிட்டு வா" என்று வாங்கியிருந்தாள். நாலு நாள் லீவும் வாங்கியாயிற்று. நேரு வீதியில் ஒரு நீலப் பையும் வாங்கி, அதைப் பீரோவின் மேல் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். கல்யாணம், கருமாதி இல்லாமல் அவள் ஊரைவிட்டுப் போகப்போவது இதுதான் முதல் தடவை.

இறுதி ஆட்டம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் நின்றது, பதிமூன்று எடுத்தால் ஜெயிப்பு. எதிரணியின் குண்டு மரக்குண்டை ஒட்டி உட்கார்ந்திருந்தது, அடுத்து நின்றது முசேயின் குண்டு. நிர்மலா கையில் கடைசிக் குண்டு. அடித்தாள். எதிராளியின் குண்டு வேலி ஓரம் போய் விழுந்தது. முசே "வொலா" என்று பிரெஞ்சில் கத்திவிட்டு அவளுக்கே ரோஜா மாலையைப் போட்டார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அணிக்கு ரயில் டிக்கெட், சட்டை எல்லாம் எடுத்துக் கொடுப்பவர் புடவைக் கடை புருஷோத்தமன். பதிலுக்கு அவருக்கு வேண்டியது மூன்று பேனர், ஆளுக்கு ஒன்று, கீழே கடைப் பெயர். படம் எடுக்க வந்தவன் பேனர் கடை பிரேம்குமார்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க."

"சிரிச்சிட்டேன்."

"எப்ப?"

"இப்பதான்."

அவன் கேமராவில் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "இதுவாக்கா?"

"இதுதான்."

புருஷோத்தமன் பக்கத்தில் வந்து, "லேடீஸ் பேனருன்னா ஒரு களை வேணாமா? புடவைக் கடைம்மா இது, எழவுக் கடை இல்ல" என்றார். அவர் நாக்கில் என்ன கருப்போ.

திங்கள்கிழமை காலை பேனர்கள் ஏறின. முசேயும் மூன்றாவது ஆட்டக்காரர் வேலாயுதமும் ஒரு கம்பத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டு, மாலையோடு, கடன்காரனைப் பார்ப்பதுபோல ஊரை முறைத்துக்கொண்டு. நிர்மலாவின் பேனர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தனியாக. அதன் கீழ்ப்பாதியை யாரோ வைத்த காதுகுத்துப் பேனர் மறைத்துவிட்டது. 'வாழ்த்துகிறோம்' அந்தப் பக்கம் போயிற்று, கடைப் பெயரும் போயிற்று. மிஞ்சியது சிரிக்காத ஒரு முகம், கழுத்தில் மாலை, பக்கத்தில் ஒரு தேதி.

பத்து மணிக்குப் பாகூர் பஸ்ஸிலிருந்து வடிவேலின் அத்தை சின்னப்பொண்ணு இறங்கினாள். கண் ஆபரேஷனுக்குச் சீட்டு வாங்க வந்தவள். எதிரே பார்த்தாள். பார்த்தவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பூக்கடையில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு, தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். "என் மருமவளே, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியே." கமலா கதவைத் திறந்தாள். எதிர் வீடு திறந்தது. நிர்மலாவின் கதவும் திறந்தது. கையில் குழம்புக் கரண்டியோடு அவளே நின்றாள்.

"என்னா அத்தை?"

சின்னப்பொண்ணு அழுகையைப் பாதியில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள். "உசுரோடதான் கீறியா?" குரலில் சந்தோஷம் இருந்தது, கொஞ்சம் நஷ்டமும் இருந்தது.

"ஏன், இன்னா ஆச்சு?"

"பின்ன பேனர்ல அப்பிடி நிக்கிற? மாலைய வேற போட்டுக்கினு."

"முசேவும்தான் மாலையோட நிக்கிறாரு. அவரும் சிரிக்கல. அவருக்கு ஏன் அழல?"

"அவரு முறைக்கிறாருடி. உசுரு இருந்தாத்தான முறைக்க முடியும்."

தெருவில் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த மாலையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சாமிக்கும் போட முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. வாசல் கம்பியில் தொங்கவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஆடு தின்றுவிட்டது.

மத்தியானத்துக்குள், மற்ற இரண்டு பேனரில் கடைப் பெயரைப் பார்த்த ஏழெட்டு பேர் புடவைக் கடைக்குப் போன் செய்து, எடுப்பு எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டார்கள். புருஷோத்தமன் நேரே முசேயிடம் போனார். அந்தப் பொம்பளை ஒழுங்காகச் சிரித்த பேனர் நாளைக்கு ஏற வேண்டும், இல்லாவிட்டால் அவள் இடத்தில் என் தம்பி மகள் கவிநிலா போகட்டும் என்றார். கவிநிலா கிளப்பில் சேர்ந்து மூன்று மாதம். குண்டு எங்கே விழும் என்று அவளுக்கே தெரியாது, ஆனால் எங்கே விழுந்தாலும் அழகாகச் சிரிப்பாள்.

நிர்மலாவுக்குச் சேதி வந்தது. அன்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். பல் டாக்டரிடம் காட்டுவதுபோல இருந்தது. பீரோ மேல் இருந்த நீலப் பையைப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். சிரித்துத் தொலைப்பதுதான், ஒரு நிமிஷம், யார் செத்துப்போகப் போகிறார்கள் என்று பிரேம்குமார் கடைக்குக் கிளம்பினாள். கிளம்பும்போதே அவன் போன் வந்தது.

"அக்கா, நீங்க வரவே வேணாம். நானே சிரிக்க வெச்சிட்டேன்."

கம்ப்யூட்டரில் இதற்கெல்லாம் வழி இருக்கிறது. பொட்டு மாற்றலாம், தலைமுடி வளர்க்கலாம், பல் வைக்கலாம். இது போலி என்று வெளியே தெரிந்தால் கடைக்கு அசிங்கம், மூச்சு விடக்கூடாது என்று புருஷோத்தமன் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஏறியது புதுப் பேனர். அடடா, அப்படி ஒரு சிரிப்பு. எட்டுப் பல் தெரிகிறது, கன்னத்தில் குழி, கண்ணில் ஒரு குறும்பு. நிர்மலாவின் மூக்குக்குக் கீழே யாரோ முன்பின் தெரியாத ஒருத்தி குடி வந்திருந்தாள். "இப்பத்தான் லட்சணமா இருக்குது" என்றது தெரு. பஸ்ஸுக்கு நிற்கிற பையன்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் கமலா ஆரம்பித்தாள். "இத்தினி வருஷமா நமக்கெல்லாம் காட்டாத சிரிப்பு, அந்தப் பிரேம்குமாருக்கு மட்டும் வந்துடிச்சா? அப்பவும் இப்பிடித்தான, அந்த ரீசார்ஜ் கடைல."

இப்போது அந்தக் கதையைச் சொல்லிவிடலாம். பத்தொன்பது வயதில் நிர்மலா ஒரு ரீசார்ஜ் கார்டு வாங்கப் போனாள். கடைக்காரன் சில்லறையைத் தவறவிட்டுக் குனிந்து மேசையில் தலையை இடித்துக்கொண்டான். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அடுத்த வாரமே பஸ்ஸில் பின்னால் வந்தான், பிறகு லெட்டர், பிறகு வாசலில் வந்து நின்று "அது என்னப் பாத்து சிரிச்சிது" என்றான். பார்க்காமலே ஆமாம் போட நாலு பேர் இருந்தார்கள். அப்பா காலேஜை நிறுத்தினார், ஆறு மாதத்தில் அதே தெரு வடிவேலுக்குக் கட்டி வைத்தார். அதற்குப் பிறகு அவள் முகம் சும்மா இருக்கப் பழகிக்கொண்டது. சிரித்ததற்காக வாயை அடைத்த அதே தெருதான், அடுத்த பதினெட்டு வருஷமும் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தது.

வடிவேல் அன்றைக்குச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே கேட்டான். "போட்டோ எடுக்கச்ச நீ மட்டுந்தான் இருந்தியா?"

"அது நான் சிரிச்சது இல்ல. கம்ப்யூட்டர்ல வெச்சது."

"மூஞ்சி உன்னுதுதான?"

"வாய் என்னுது இல்ல."

"பிரேம்குமாரைக் கேட்டேன். அக்கா நல்லாத்தான் சிரிச்சாங்கன்றான்." மோரை ஊற்றிக்கொண்டான். "கல்யாண ஆல்பத்துல ஒரு படத்துலயாவது எம் பக்கத்துல அப்பிடி இருக்கியான்னு தேடிப் பாத்தேன்."

ஆல்பம் கட்டில் மேல் திறந்து கிடந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. இல்லாத ஒரு சிரிப்பை இருக்கிறது என்று நிரூபிப்பது எளிது, இல்லை என்று நிரூபிக்க எங்கே போவது?

"கோழிக்கோடு?" என்று மட்டும் கேட்டாள்.

வடிவேல் இல்லை என்று சொல்லவில்லை. பதில் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டான். அடுத்த பதினைந்து நாளும் கை கழுவிக்கொண்டேதான் இருந்தான். முசே வந்து பார்த்தார். "குடும்ப விஷயம், நாம எப்பிடி நுழையறது" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார். ரயில் கிளம்பியது. கவிநிலா போனாள்.

முதல் ஆட்டத்திலேயே பதிமூன்றுக்கு நாலில் தோற்றுத் திரும்பினார்கள். கிளப்பின் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. முசேயும் வேலாயுதமும் எழவு வீட்டு முகத்தோடு, நடுவில் கவிநிலா பளீரென்று. தோல்வியிலும் என்ன புன்னகை என்று கீழே நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள். நிர்மலா அதைச் சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சள் பொம்மைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த பில்லைப் போட்டாள்.

பேனரைக் கமலா கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல கெட்டிப் பிளக்ஸ், வீணாக விடுவாளா? கொல்லையில் மூடி இல்லாத தண்ணீர் டிரம்மின் வாயை மூடிச் சுற்றிக் கட்டிவிட்டாள், முகம் நிர்மலா வீட்டுப் பக்கம். இரண்டு கொல்லைக்கும் இடையில் சுவர் இடுப்பளவுதான். தினமும் காலையில் பாத்திரம் கழுவ நிர்மலா கொல்லைக்கு வந்தால், எட்டுப் பல்லும் குறும்புமாக அவளே அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

பதினோரு நாள் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே போய்க் குண்டை எடுத்து வந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் காலைச் சேர்த்து நின்றாள். ஒன்பது தப்படி இருக்கும். அதே புருவம், அதே உதடு. கை பின்னால் போய் முன்னால் வந்தது.

பிளக்ஸ் சரியாக வாயில் கிழிந்து, டிரம்மும் விரிசல் விட்டு, தண்ணீர் பீச்சியது. சத்தம் கேட்டுக் கமலா ஈரத் தலையோடு ஓடி வந்து, "என் டிரம்மு, என் டிரம்மு" என்று அந்தச் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தாள்.

புது டிரம் வாங்கிக் கொடுத்தாயிற்று. ஆனாலும் கமலா இன்றைக்கும் மாரியம்மன் மேல் சத்தியம் பண்ணுகிறாள், தான் விழுந்தபோது நிர்மலா சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தாள், பல் தெரியச் சிரித்தாள் என்று.

தெரு நம்பவில்லை. அவளாவது, சிரிப்பதாவது.