நூறு துண்டு கேக்

எங்கள் தபால் பெட்டி சாலை ஓரத்தில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. போன குளிர்காலம் முழுக்க என் புருஷன் வெர்லினுக்கு முன்னால் ஓடிப்போய் அதைத் திறந்தது நான்தான். முழங்கால் வரை பனியில் நின்றுகொண்டு, விளம்பரத் தாள்களுக்கு நடுவே மாநில முத்திரை போட்ட வெள்ளை உறை இருக்கிறதா என்று துழாவுவேன். இல்லையென்றால் மூச்சு வரும். மறுநாள் காலையில் மறுபடி நெஞ்சை அடைக்கும்.

எல்லாம் என் செர்ரி கேக்கால் வந்த வினை.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் எங்கள் கட்சியின் மாவட்ட விருந்து நடக்கும். பெண்கள் ஆளுக்கொரு கேக் சுட்டுக்கொண்டு போவோம். அதை ஏலம் விட்டுக் கட்சிக்குப் பணம் சேர்ப்பார்கள். ஒரு முறை என் கேக் ஐம்பத்தைந்து டாலருக்குப் போனது. அந்தப் பெருமையை ஊரில் கேட்காத ஆள் இல்லை. போன வருஷம் பின்வரிசையிலிருந்து கல்குவாரி முதலாளி கோல்பி கையைத் தூக்கி, "ஒன்பதாயிரம்," என்றார். கூடமே வாயடைத்துப் போனது. பிறகு கை தட்டினார்கள். விருந்து முடிந்ததும் மனுஷன் பண உறையைக் கொடுத்துவிட்டுக் கேக்கைத் தொடாமல் போய்விட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி, ஊருக்கே தெரியும். அவருடைய குவாரியை விரிவாக்க அனுமதி கேட்ட மனு மாவட்டக் குழுவில் கிடப்பதும் ஊருக்கே தெரியும். குழுவில் எங்கள் கட்சிக்காரர்கள்தான் அதிகம்.

வெர்லின் கட்சிக்குப் பொருளாளர். வேறு யாரும் முன்வராததால் பொருளாளர். ஆயுசு முழுக்கப் பால் லாரி ஓட்டியவர். ஒரு பண்ணையில் சோதனைக்கான பால் மாதிரியை எடுக்க மறந்துவிட்டு, யாரும் கேட்காமலே பால் ஆலைக்குத் தானே போன் போட்டுச் சொல்லி, ஒரு நாள் சம்பளத்தை இழந்துவிட்டு வந்தவர். அந்தக் கிறுக்குத்தனத்துக்காகத்தான் இவரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன்.

கட்சியின் வரவுக் கணக்கை மாநிலத் தேர்தல் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாளில் கட்சித் தலைவர் கோர்டி வந்து எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்தார். இன்ஷூரன்ஸ் விற்பவர். வாயைத் திறந்தால் தேன் ஒழுகும்.

"கோல்பி குடுத்தது கம்பெனிப் பணம். அதைக் கட்சிக்கு வாங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கே, கோர்டி," என்றார் வெர்லின்.

"யாரு கம்பெனிப் பணம்னா? கேக்கு வித்த காசு, அண்ணே. துண்டு போட்டு வித்தோம். துண்டு தொண்ணூறு டாலர், நூறு துண்டு. நூறு டாலருக்குக் கீழ குடுத்தவன் பேரை எழுதவே வேண்டாம்."

"அது என்ன கல்யாண கேக்கா?" என்றேன் நான். "என் தட்டு ஒரு சாண் அகலம். பத்துத் துண்டு போட்டாலே வாங்குறவ மூஞ்சியச் சுளிப்பா."

"அக்கா, நீங்க கேக்கைச் சுடுங்க. கணக்கை நாங்க சுட்டுக்குறோம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அண்ணே, அந்த ஆபீஸ்ல இதைப் படிக்கவே ஆள் கிடையாது. கையெழுத்தைப் போடுங்க. எல்லா மாவட்டத்துலயும் இதான் நடக்குது."

கையெழுத்துக் கோட்டுக்கு மேலே, பொய் சொன்னால் சிறைத் தண்டனை உண்டு என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. வெர்லின் அதை இரண்டு தரம் படித்தார். கை நடுங்க நடுங்கப் போட்ட கையெழுத்து, அவருடையது மாதிரியே இல்லை.

கணக்கைப் படிக்க அந்த ஆபீஸில் ஆள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், எங்கள் ஊரில் டெல்ஃபின் இருந்தாள். என்னோடு பள்ளியில் படித்தவள், எதிர்க்கட்சிக்காரி. மளிகைக் கடையில் மாவு மூட்டைகளுக்கு நடுவே என்னை மடக்கினாள்.

"ஏன்டி ஆர்டிஸ், உன் கேக்கை நூறு துண்டா எப்படிடி வெட்டுன? இழைப்புளி வச்சு இழைச்சியா?"

"எனக்கென்னடி தெரியும்?"

"நானும் அதே மாதிரி சுட்டு வெட்டிப் பாத்தேன். பாதி வெட்டுறதுக்குள்ள கேக்கே இல்ல, வெறும் தூளு. அதைப் போட்டோ எடுத்துப் புகாரோட அனுப்பிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உம்மேல கோவமில்ல. வெர்லினை நெனச்சாத்தான் வயித்தெரிச்சலா இருக்கு. அவனைப் போயி இதுல மாட்டிவிட்டானுங்களே."

வீட்டுக்கு வந்து சொன்னேன். வெர்லின் எழுந்து வெளியே போனார். கொட்டகைக்குப் போய் வெகுநேரம் வெறும் கையோடு நின்றார். அன்றையிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. அபராதம் போட்டால் வீடு போய்விடுமா, மீன்பிடிப் படகை மகள் பேருக்கு மாற்றலாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு வீடும் தெரியாது, படகும் தெரியாது. இந்த வயதில் இவரைக் கொண்டுபோய் அடைத்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற ஒரே பயம்தான்.

ஒரு நாள் மாநில முத்திரை போட்ட வெள்ளைக் கார் எங்கள் வாசலுக்குத் திரும்பியது. நான் பாத்திரத்தைக் கீழே போட்டேன். திரும்பிப் பார்த்தால் வெர்லின் சர்ச்சுக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பையோடு நிற்கிறார்.

"மாத்திரையெல்லாம் எடுத்துக்கிட்டேன்," என்றார். "நீ அழாத. தண்ணிக் குழாய் உறையாம பாத்துக்கோ. நான் எதையும் மறைக்கப் போறதில்ல, கேட்டா எல்லாத்தையும் சொல்லிருவேன்."

"யோவ், சும்மா இருய்யா. யாருன்னு பாப்போம்," என்றேன்.

காரில் வந்தவர் வனத்துறை ஆள். எங்கள் பக்கத்தில் மான் ஏதும் நோயில் செத்துக் கிடந்ததா என்று விசாரிக்க வந்திருந்தார். வெர்லின் கோட்டோடு நின்று, இல்லை ஐயா, இல்லை ஐயா என்றே பதில் சொன்னார். கார் போனதும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனுஷன் மேல் எனக்கு அன்றைக்கு இருந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

பனி உருகும் காலத்தில் உறை வந்தது. பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை. வெர்லின் பிரித்துச் சத்தமாகப் படித்தார். விசாரிக்க வேண்டிய ஆணையத்தில் கூட்டம் நடத்தப் போதுமான உறுப்பினர்கள் இல்லாததால் புகார் முடித்துவைக்கப்படுகிறதாம். கணக்குத் தாளின் இரண்டாம் பக்கத்தில் போன் நம்பர் எழுதாமல் விட்டதற்கு இருபத்தைந்து டாலர் அபராதமாம். கேக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வெர்லின் அழுதார், நானும் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தோம். கோர்டி அபராதத்தைக் கட்சிப் பணத்திலிருந்தே கட்டிவிட்டு, "நான்தான் சொன்னேன்ல, அண்ணே," என்று அவர் முதுகில் தட்டினார். கோல்பிக்கும் அனுமதி கிடைத்தது. இப்போது குவாரியில் வெடி வைத்தால் எங்கள் அலமாரியில் தட்டுகள் ஆடுகின்றன.

வெர்லின் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார். பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. தெய்வமே, இது போதும் என்றிருந்தேன்.

இந்த இலையுதிர் காலத்தில் விருந்து நெருங்கியதும், காபி குடித்துக்கொண்டே, "ஆர்டிஸ், இந்தத் தடவை பெரிய தட்டுல சுடேன்," என்றார்.

"எதுக்கு?"

"கோல்பி பன்னெண்டாயிரம் தர்றானாம். நூத்தம்பது துண்டாவது வரணும்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார், கோர்டி மாதிரியே.

"நெசமாத்தான் சொல்றியா?"

"நீ ஏன் பயப்படுற? அங்க ஆளே இல்லம்மா."

நான் சுடவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். கடையில் வாங்கின ஏதோ ஒரு கேக்கை வைத்து ஏலம் நடந்தது. கணக்குத் தாள் வந்த அன்று அடுப்பங்கரையில் நின்று பார்த்தேன். மேலே அச்சடித்திருந்ததை அவர் படிக்கவில்லை. ஒரு கையில் காபிக் கோப்பை, மறு கையால் ஒரு இழுப்பு. கை நடுங்கவே இல்லை. கோட்டு போட்டு மாத்திரைப் பையோடு நின்ற மனுஷனை அந்த முகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் டெல்ஃபின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"இந்த வருஷமும் புகார் எழுதுறியா?"

"எழுதி என்னடி ஆகப் போகுது? குப்பையிலதான் போடுவானுங்க."

"எழுது. முதல் கையெழுத்து நான் போடுறேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். "பைத்தியமாடி உனக்கு? அவன் உன் புருஷன்டி!"

"அதனாலதான்டி," என்றேன்.

பனி மறுபடி விழ ஆரம்பித்துவிட்டது. தினமும் நான்தான் போய்த் தபால் பெட்டியைத் திறக்கிறேன், வெள்ளை உறை வந்திருக்காதா என்று. இன்னும் வரவில்லை. வெர்லின் நிம்மதியாகத் தூங்குகிறார்.