கிளட்ச் போன வண்டி

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்த அக்காவுக்குத் தன் கார் என்றால் உயிர். மூன்று கை மாறி வந்த பழைய செடான்தான். பின்கதவு ஒன்று நாலு தடவை ஓங்கிச் சாத்தினால்தான் மூடும். ஆனாலும் புது சீட் உறை போட்டதிலிருந்து அதில் ஒரு தூசி இருக்க விடமாட்டாள்.

வீடு மாற்ற ஒரு நாளைக்குக் கார் வேண்டுமென்று தங்கை கேட்டாள். அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் அந்த உறைமேல் ஏறி உட்கார்ந்ததுபோல் அக்காவுக்குத் தோன்றியது. வாய் முந்திக்கொண்டது. கிளட்ச் போய்விட்டது, வண்டி நகராது என்றாள். அப்படியானால் நீ எப்படி வேலைக்குப் போகிறாய் என்று தங்கை இவளுக்காக வருத்தப்பட்டாள். தங்கையும் புருஷனும் மழையில் மூட்டை மூட்டையாகப் பஸ்ஸில் சாமான் ஏற்றியதைப் பிறகு கேள்விப்பட்டபோது, அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையின் புருஷன் வாசலில் நின்றான். பஸ் டிப்போவில் மெக்கானிக். சாமான் தூக்கியதில் இடுப்புப் பிடித்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தான். கிளட்சைப் பார்க்க வந்தானாம். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? சாவியை நீட்டினாள்.

தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கியர் சொன்னபடி கேட்டிருக்கும். இறங்கியவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூடாத பின்கதவின் பூட்டைக் கழற்றி, மதியம்வரை குனிந்து நின்று சரிசெய்தான். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

மாலையில் தங்கை போன் செய்தாள். கிளட்ச் பெரிய வேலையாமே, ஒருவழியாக முடிந்ததாமே என்றாள்.

"கிளட்சுக்கு ஒண்ணும் ஆகலடி," என்றாள் அக்கா. "குடுக்க மனசு வரல. பொய் சொல்லிட்டேன்."



"அவரு என்கிட்ட இதுவரைக்கும் பொய் சொன்னதே இல்லக்கா," என்றாள் தங்கை. "உனக்காகச் சொல்லியிருக்காரு."

மறுநாள் வேலை முடிந்ததும் அக்கா நேரே அவர்கள் வீட்டுக்கு ஓட்டிப் போய், அவனை டாக்டரிடம் கூட்டிப் போனாள். தங்கை பின்னால் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் மட்டும்தான் பேசினான்.

"ஆயில் மாத்தணும்க்கா. இடுப்பு சரியானதும் வந்து மாத்திடறேன்."

அக்கா தலையாட்டினாள். குழி வந்த இடத்தில் அவன் இடுப்பு குலுங்காதபடி வண்டியை மெதுவாக இறக்கினாள்.