பலகையில் கீறிய செனகல்

எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே ஓர் ஆளிடம் மட்டும் அந்த வாய் நேராகத் திறந்ததில்லை. அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் சண்முகராஜ். ஊருக்கு அண்ணாச்சி, எனக்குப் பெரிய அத்தான்.

எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. மூத்தவர் தம்பி பெண்டாட்டியிடம் நேரே பேச மாட்டார், பேரும் சொல்ல மாட்டார். நடுவில் ஓர் ஆள் வேண்டும். எங்களுக்கு நடுவில் இருந்தவர் அவர் மனைவி இசக்கியம்மாள் அக்கா. நான் பக்கத்து அடுப்படியில் நிற்கும்போதே, "குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு அவகிட்ட சொல்லு" என்பார் அத்தான். "அடுத்த தடவ குறைச்சுப் போடுதேன்னு சொல்லுங்கக்கா" என்பேன் நான். அக்கா எதையும் யாரிடமும் சொன்னதில்லை. ரெண்டு பேருக்கும்தான் காது இருக்கிறதே என்று வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார்.

வீட்டை ஒட்டி எங்கள் கடலை மிட்டாய்ப் பட்டறை. அதன் வாசல் பஜார் தெருவில் திறக்கும். கோவில்பட்டியில் தடுக்கி விழுந்தால் ஒரு மிட்டாய்க் கடை, எழுந்து நின்றால் எதிரே ஒரு ஹாக்கி மட்டை. அப்படிப்பட்ட ஊரில் பெரிய அத்தானுக்குக் கால்பந்துப் பைத்தியம். இளவட்ட வயதில் மிட்டாய் டின்களோடு ரயிலேறிக் கொல்லத்துக்குப் போவாராம். சரக்கை இறக்கிவிட்டு அங்கே மைதானத்தில் நின்று ஆட்டம் பார்ப்பாராம். டின் காலியாகத் திரும்பி வந்தது, பைத்தியம் கூடவே வந்துவிட்டது. அவரைப் பார்த்து எங்கள் தெருவில் ஒரு கூட்டமே கெட்டுப்போனது.

உலகக் கோப்பை தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூட்டம் எங்கள் பட்டறையில் கூடி 'பலகை போடும்'. முதல் ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று ஆளாளுக்கு வாக்குச் சொல்ல வேண்டும். வாயால் அல்ல. பாகும் கடலையும் கலந்து பலகையில் பரப்பியதும், இறுகுவதற்குள் கத்தி முனையால் நாட்டின் பேரைக் கீற வேண்டும். இறுகிவிட்டால் இறுகியதுதான், பேச்சு மாற முடியாது. தோற்றவர்களில் மூத்தவர், ஜெயித்தவரின் மிட்டாயைப் பஜாருக்குத் தூக்கிக்கொண்டு போய் உடைத்து, இன்னார் சொன்ன வாக்கு பலித்தது என்று பேர் சொல்லிப் பங்கு வைக்க வேண்டும். கோப்பை யாருக்கு என்பதற்குப் பலகை கிடையாது. அது தெரிய ஒரு மாதம் ஆகும், அதுவரை எறும்பு விட்டுவைக்காது.

இந்தச் சட்டத்தைப் போட்டவரே பெரிய அத்தான்தான். அதற்கும் ஒரு கதை உண்டு. தொண்ணூறாம் வருஷம் முதல் ஆட்டத்தில் அர்ஜென்டினா கேமரூனைச் சப்பையாக்கும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேமரூன் ஜெயித்தது. மறுநாள், "நான் எப்பம்ல அப்படிச் சொன்னேன்?" என்று சாதித்தார். கூட்டாளிகள் வைத்த கிண்டலில் ஒரு வாரம் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. அந்த வெட்கத்தில் போட்ட சட்டம் இது. அதற்குப் பிறகு ரெண்டு உலகக் கோப்பையிலும் அவர் கீறிய பேர்தான் பலித்தது. அண்ணாச்சி வாக்கு தப்பாது என்று பேராகிவிட்டது.

இரண்டாயிரத்து இரண்டில் என் மகள் பொன்செல்விக்கு மாவட்டப் பெண்கள் கால்பந்து அணியில் இடம் கிடைத்தது. முதல் ஆட்டம் வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கட்கிழமை அவள் பாளையங்கோட்டையில் பயிற்சிக்குப் போய்ச் சேர வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல் மண்ணில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சாமிக்கே தெரியாது. அதில் ஓடிப் பழகிய பிள்ளை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தால், பெரிய அத்தான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து முடிவே எடுத்துவிட்டிருந்தார்.

"ஹாக்கின்னாலும் ஊரு ஒத்துக்கிடும். பொம்பளப் புள்ள ட்ரவுசர் போட்டுக்கிட்டு பந்து உதைக்குதுன்னா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா? போக வேண்டாம். முத்து, நீயே சொல்லிரு."

முத்துசெல்வம் என் வீட்டுக்காரர். தங்கமான மனிதர். அண்ணன் முன்னால் மட்டும் பிடித்து வைத்த பிள்ளையார். தலையை ஆட்டிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார். பொன்செல்வி அழவில்லை. தன் ஷூவை எடுத்துப் பரணில் போட்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. இந்தப் பைத்தியம் அவளுக்கு யாரால் வந்தது? பெரியப்பா மடியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்து வளர்ந்தவள்தானே.

மறுநாள்தான் பலகை ஞாயிறு. பாகு காய்ச்சிப் பதம் பார்ப்பது எப்போதும் நான். கூட்டம் வந்தது. ஆட்டம் பிரான்சுக்கும் செனகலுக்கும். பிரான்ஸ் நடப்புச் சாம்பியன், செனகல் உலகக் கோப்பைக்கே புதிது. அத்தான் முதலில் பிரான்ஸ் என்று கீறினார். அடுத்தவரும் பிரான்ஸ். அதற்கடுத்தவரும் பிரான்ஸ். என் வீட்டுக்காரரும் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிரான்ஸ் என்றே கீறினார். கடைசிப் பலகையில் நான் பாகைப் பரப்பியபோது கீற ஆள் இல்லை.

அத்தான் சிரித்தார். "எல்லாரும் ஒரே பக்கம் நின்னா என்னலே ருசி? செனகலுக்கு ஒருத்தனும் இல்லையா?"

பாகு இறுகிக்கொண்டிருந்தது. கத்தி என் கையில்தான் இருந்தது. கோபத்தில் செய்தேனா, யோசித்துச் செய்தேனா என்று கேட்டால், ரெண்டும்தான் என்பேன். செனகல் என்று கடலை பிளக்க ஆழமாகக் கீறினேன்.

அத்தான் அக்கா இருந்த பக்கம் திரும்பினார். "இது என்ன விளையாட்டுன்னு கேளு."

"விளையாட்டு இல்லைன்னு சொல்லுங்கக்கா. என் வாக்கு அதுதான்."

"அவளுக்குப் பந்தைப் பத்தி என்ன தெரியும்னு கேளு."

"கதவுக்குப் பின்னால நின்னு பொட்டலம் மடிச்சுக்கிட்டே இத்தனை வருசம் பார்த்திருக்கேன்னு சொல்லுங்கக்கா. அந்த செனகல் பயலுவ முக்கால்வாசிப் பேரு பிரான்ஸ்லயே கிளப்புக்கு ஆடிப் பொழைக்கவன்னு பேப்பர்ல போட்டிருக்கான். அந்த வீட்டுலயே வேலை பார்க்கவனுக்கு அந்த வீட்டு அடுப்படி தெரியாதா? எந்தப் பானை ஓட்டை, எந்தக் கதவு சரியாச் சாத்தாதுன்னு வீட்டுக்காரனைவிட வந்தவளுக்குத்தான் தெரியும்."

வந்தவனுக்கு என்று சொல்ல நினைத்துத்தான் ஆரம்பித்தேன். வந்தவளுக்கு என்று வந்துவிட்டது. அக்கா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். அத்தோடு நிறுத்தினால் நான் சுதாராணி இல்லையே.

"இன்னும் ஒண்ணு சொல்லுங்கக்கா. செனகல் ஜெயிச்சா பொன்செல்வி பாளையங்கோட்டைக்குப் போவா. தோத்தா அவ பந்தைத் தொட மாட்டா. நானும் இந்த வீட்டுல பந்துங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்."

அத்தான் என் பலகையை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் தட்டினார். இறுகிவிட்டிருந்தது.

"சரின்னு சொல்லு" என்றார்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டே படுத்தார். பிள்ளையின் காலைப் பணயம் வைத்துவிட்டாயே என்று ஒரு வார்த்தை சொன்னார். அது உண்மைதான். அக்கா மட்டும் அடுப்படியில் வந்து காதோடு சொன்னார்: "ஏட்டி, செனகல் ஜெயிச்சா பஜார்ல நின்னு உன் பேரைச் சொல்லணுமே. அவிய எப்படிட்டி சொல்லுவாவ?" எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. முதலில் ஜெயிக்கட்டும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை பேப்பரில் பிரான்சின் பெரிய ஆட்டக்காரருக்குத் தொடையில் அடி, முதல் ஆட்டத்துக்கு வரமாட்டார் என்று போட்டிருந்தான். என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார். அத்தான் பேப்பரை மடித்து வைத்தார். "ஒருத்தன் கால் போனா ஊரே நொண்டியாயிருமான்னு சொல்லு" என்றார், அக்கா குளித்துக்கொண்டிருப்பதை மறந்து.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறையில் டிவி வைத்தார்கள். கூட்டம் நெருக்கியடித்தது. ஹாக்கிக்காரர்கள்கூட, அண்ணாச்சி வீட்டுப் பெண்களுக்குள் சண்டையாமே என்று தப்பும் தவறுமாகக் கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நான் எப்போதும்போல் கதவுக்குப் பின்னால். பொன்செல்வி பெரியப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தை அவள் விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் போகச் சொல்லவில்லை.

பிரான்ஸ்காரன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது என் உயிர் போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் செனகல்காரன் ஒருவன் இடது பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடி, பந்தைக் குறுக்கே தள்ளினான். கோல்கீப்பரும் தடுப்புக்காரனும் தங்களுக்குள்ளேயே தடுமாற, பின்னால் வந்த நெட்டையன் விழுந்த வாக்கிலேயே உள்ளே தட்டிவிட்டான். அந்த வீட்டில் சரியாகச் சாத்தாத கதவு அதுதான். சட்டையைக் கழற்றி மைதான மூலைக் கொடிக்கம்பத்துப் பக்கம் விரித்துப்போட்டுச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். பட்டறையில் ஒருத்தரும் சத்தம் போடவில்லை. எல்லாரும் பிரான்ஸ்.

பிறகு மிச்ச நேரம் இருக்கிறதே, அதை விரோதிக்கும் கொடுக்கக் கூடாது. பிரான்ஸ் அடிக்கிறான், செனகல் மறிக்கிறான், அடிக்கிறான், மறிக்கிறான். மேல்கம்பத்தில் ஒன்று பட்டது. நான் பொட்டலம் மடிக்கிற தாளையெல்லாம் கசக்கி முடித்திருந்தேன். கழுகுமலை முருகனுக்கு மொட்டை நேர்ந்தேன், எனக்கல்ல, என் வீட்டுக்காரருக்கு. விசில் ஊதினான். செனகல் ஒன்று, பிரான்ஸ் சைபர்.

பொன்செல்வி திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். டின்னைத் திறந்து என் மிட்டாயை எடுத்தார். என் வீட்டுக்காரர், "அண்ணே, நான் கொண்டு போறேன்" என்று கையை நீட்டினார்.

"மூத்தவன் நானா, நீயா?" என்று கேட்டுவிட்டு அத்தான் தெருவில் இறங்கினார். நாங்கள் எல்லாரும் வாசலுக்கு வந்தோம்.

பஜார் தெருவில் சாயங்காலக் கூட்டம். "என்ன அண்ணாச்சி, பிரான்ஸ் கவுந்துட்டாமே?" என்றான் ஒரு ஹாக்கிக்காரன். அத்தான் மிட்டாயை எதிர்க்கடைத் திட்டில் வைத்து எடைக்கல்லால் ஓங்கித் தட்டினார். துண்டு துண்டாகப் போனது. ஒரு கை அள்ளினார்.

"இது தம்பி சம்சாரம்..." என்று தொடங்கினார். அப்படியே விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரே தலையை ஆட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"இது சுதாராணி சொன்ன வாக்கு. ஊரே பிரான்ஸுன்னு சொன்னப்ப ஒத்தையா நின்னு செனகல்னு சொன்னா. பலிச்சிட்டு."

தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக நான் மிட்டாய் வீட்டு முத்துசெல்வம் சம்சாரம், பொன்செல்வி அம்மா. பேர் எவனுக்குத் தெரியும்? "யாரு அண்ணாச்சி சுதாராணி?" என்று கேட்டேவிட்டான் ஒருவன்.

அத்தான் திரும்பி வாசலைப் பார்த்தார். "எங்க வீட்டுல பந்து தெரிஞ்ச ஆளு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, பெருமையில்தான் வந்தது. யாரும் ஒரு நாடாகவே நினைக்காத செனகல் ஜெயித்ததற்கு அவர்கள் ஊரில் எப்படி ஆடியிருப்பார்களோ, அதில் பாதியாவது அந்த வாசலில் என் நெஞ்சுக்குள் நடந்தது.

மிட்டாய் தீர்ந்ததும் அத்தான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு படியேறினார். அக்காவைத் தாண்டி வந்து என் முன்னால் நின்றார். கண் மட்டும் தரையில் இருந்தது.

"சுதாராணி, புள்ளையோட ஷூ நல்லாருக்கா? கிழிஞ்சிருந்தா நாளைக்கே புதுசு எடுத்துருவோம்."

பழக்க தோஷம், நான் அக்கா பக்கம் திரும்பி, "அக்கா, அவியகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"என்கிட்ட ஏன்ட்டி சொல்லுத? அந்தா நிக்காவல்லா, அவியகிட்டயே சொல்லு" என்று அக்கா வெற்றிலைச் செல்லத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பரணிலிருந்து ஷூவை இறக்கிக்கொண்டு பொன்செல்வி வந்து நின்றாள். இடது கால் ஷூவில் முன்பக்கம் வாய் பிளந்திருந்தது.

"கிழிஞ்சிருக்கு அத்தான்" என்றேன்.