மலை எந்தப் பக்கம்?

எல்லாரும் சௌக்கியந்தானே? மூட்டுவலிக்காரர்கள் எப்படி இருக்கிறீர்கள்? காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள், மணிமொழியின் கதையைச் சொல்கிறேன்.

ரமணாசிரமம் பக்கத்து விடுதி ஒன்றில் அறைகளைப் பெருக்குகிறவள் அவள். வரவேற்பு மேஜை வேலை காலியானது. கிடைத்தால் இடுப்புக்கு விடுதலை. முதலாளி சக்கரபாணி, "பௌர்ணமி அன்னிக்கு நீ ஃபோன் எடு. சமாளிச்சா மேஜை உனக்கு, சொதப்புனா துடைப்பம்தான்" என்றுவிட்டார். அவளும் இங்கிலீஷை உருப்போட்டாள். தினமும் செய்வதற்கு 'ஐ வாக்'. இந்த நிமிஷம் செய்துகொண்டிருப்பதற்கு 'ஐ ஆம் வாக்கிங்'. அவன், அவள் என்றால் வாலில் ஒரு 'ஸ்'.

பௌர்ணமி சாயங்காலம் ஃபோன் அடித்தது. அறை எடுத்திருந்த வயதான வெள்ளைக்காரம்மா மார்த்தா. கிரிவலக் கூட்டத்துக்காக வண்டியை ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே நிறுத்திவிட்டார்கள், இனி நடைதான். மணிமொழி ஊர் வழக்கப்படி சொன்னாள்: "யூ வாக் லெஃப்ட் சைட், மேடம்." பாதையின் வலது ஓரம் சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது என்பார்கள், மனுஷருக்கு இடது ஓரம்தானே.

சக்கரபாணி தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி ஃபோன். எல்லாரும் எதிரே வந்து இடிக்கிறார்கள், மூச்சு முட்டுகிறது என்றார் மார்த்தா.

மணிமொழி கேட்டாள்: "மேடம், வேர் இஸ் ஹில்?"

"லெஃப்ட் சைட். நீதானே சொன்னாய்" என்று ஆங்கிலத்தில் பதில்.

மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றுவது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். அதைச் சொல்லவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. 'லெஃப்ட் சைட்' என்றதை மலை இருக்கவேண்டிய பக்கமாக எடுத்துக்கொண்டு, அந்த அம்மா கூட்டத்துக்கு எதிராக, மலையையே சுற்றிக்கொண்டு வருகிறார்.

படித்த 'ஸ்' எல்லாம் பறந்துபோயிற்று. "டர்ன், மேடம். ஹில் ரைட் சைட். ஐ ஆம் கமிங்."

ஃபோன் அணைந்தது. கேட்டதோ, இல்லையோ.

"மேஜைய விட்டு எழுந்த, அவ்ளோதான்" என்றார் சக்கரபாணி.

"போவட்டுங்க. என் வாய்தான அவங்கள அனுப்புச்சு."

கூட்டத்துக்கு எதிரே ஓடினாள். இடியும் திட்டும் ஜாஸ்தி. ஒவ்வொரு வெள்ளை முடியையும் எட்டிப் பார்த்தாள். கிரிவலப் பாதையில் அக்னி லிங்கத்தருகே மோர்ப் பந்தலில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார் மார்த்தா. மலை அவருக்கு வலப்பக்கம் நின்றது; சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

இங்கே என்ன செய்கிறாய் என்று அவர் கேட்க, "ஐ ஆம் லுக்கிங் ஃபார் யூ" என்று யோசிக்காமலே வந்தது.

கைத்தாங்கலாக விடுதிக்கு வந்தபோது சக்கரபாணி வேர்த்து விறுவிறுத்து, ஃபோனும் காதுமாக இருந்தார். இன்னொரு விருந்தாளி, அதே வேங்கிக்கால். அவளைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இந்தாம்மா, மலை எந்தப் பக்கம்னு நீயே கேளு."

நீங்களும் இப்படி யாருக்காவது வழி சொல்லி மாட்டிக்கொண்டதுண்டா? இரண்டு வரி எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.